மேல்வீட்டு மணி

"உட்கார்ந்த வேகத்துல மனுஷன் எந்திரிச்சு ஓடிட்டாருடே" என்றான் பிளம்பர் சுடலைமணி. இடக்கொச்சியில் ஒரு வீட்டுக் கழிப்பறையில், கழுவுகிற குழாய்க்கு வெந்நீர் லைனைக் கொடுத்திருந்தான்.

பெயிண்டர் பாக்கியலக்ஷ்மி சாயா சிந்தச் சிரித்தாள்.

அவள் கதையும் லேசுப்பட்டதல்ல. செவ்வாய்க்கிழமை, சொன்ன மதிலை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மதிலுக்குப் பாதிவரை பெயிண்ட் அடித்துவிட்டாள். அந்த வீட்டுக்காரர் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். மீதியையும் முடித்துவிட்டுப் போகச் சொன்னாராம்.

மட்டாஞ்சேரி படகுத்துறைச் சாயாக்கடையில் சனிக்கிழமை மூன்று மணிக்கு மூவரும் கூடுவார்கள். அந்த வாரத்துத் தப்பை வாயால் ஒப்புக்கொண்டவருக்குத்தான் சூடாக ஒரு பழம்பொரி.

"அடுத்து நம்ம கரண்டு சாமி" என்று எலக்ட்ரீசியன் முத்துவேலைப் பார்த்தான் சுடலைமணி.

முத்துவேல் வாயைத் திறப்பதற்குள் அவன் போன் அடித்தது. மொய்து.

"எந்தா முத்துவேலே, பெல்லு பின்னயும் தப்பா அடிக்குது? இப்பவே வா. இல்லாட்டி கோடவுன் வேலையை மறந்துரு."

கோடவுன் என்பது மொய்துவின் அரிசிக் கிடங்கு. முழுவதற்கும் புது வயரிங். பன்னிரண்டு வருடமாக ஃபேனும் ட்யூப்லைட்டும் மாட்டிக்கொண்டிருந்த முத்துவேலுக்கு வாய்த்த முதல் பெரிய வேலை. அதற்கு முன்னால் கை எப்படி என்று பார்க்கத்தான், வீட்டு வாசலில் இரண்டு காலிங்பெல் மாட்டச் சொல்லியிருந்தார்.

இரண்டு, ஏனென்றால் வீடு இரண்டு. பாகம் பிரித்ததில் மாடி மொய்துவுக்கு, கீழ்வீடு தம்பிக்கு. நான்கு வருடமாக அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. ஆகையால் அவர்கள் மனைவிகளும் பேசக் கூடாது.

திங்கட்கிழமை மாட்டியபோது வயரை மாற்றிக் கொடுத்துவிட்டான் முத்துவேல். மேல்வீட்டு சுவிட்சை அமுக்கினால் கீழே அடித்தது. மேல்வீட்டுக்கு வந்த மீன்காரனுக்குக் கீழ்வீட்டுத் தம்பி மனைவி சுல்ஃபத் கதவைத் திறந்தாள். கீழ்வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டருக்கு மாடியிலிருந்து மொய்துவின் மனைவி பௌசியா இறங்கி வந்தாள். உங்களுக்குத்தான் என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. நான்கு வருடத்தில் அதுதான் அவர்களுடைய முதல் பேச்சு.

புதன்கிழமை போய்ச் சரி செய்தான். இரண்டையும் மும்மூன்று தடவை அடித்தும் பார்த்தான்.

அப்புறம் எப்படி?

வீடு இரண்டு தெரு தள்ளி. வேடிக்கை பார்க்க மற்ற இருவரும் கூடவே நடந்தார்கள்.

வாசலில் மொய்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே காத்திருந்தார். முத்துவேல் மெயினை அணைத்துவிட்டு வந்து, தூணில் இருந்த சுவிட்ச் பெட்டியைக் கழற்றினான்.

புதன்கிழமை அவன் சுற்றிய கறுப்பு டேப்பைக் காணவில்லை.

வயர்கள் இடம் மாறியிருந்தன. ஒன்றின் மேல் வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி, ஆஸ்பத்திரியில் காயத்துக்கு ஒட்டுவது, பிசிறில்லாமல் சுற்றியிருந்தது. இன்னொன்றின் மேல் சிவப்புத் தையல் நூல். நெருக்கமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, நுனியைப் பல்லால் கடித்திருந்தார்கள்.

ஒருத்தி பிடித்துக்கொள்ள ஒருத்தி சுற்றாமல் இது நடக்காது.

கீழ்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கால்மிதித் தையல் மிஷின் சட்டென்று நின்றது. மாடி வராந்தாவில், டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ் கோட்டோடு பௌசியா, காற்றில்லாத கொடியில் தொங்கும் துணியைப் போல அசையாமல் நின்றாள்.

"எந்தாச்சு?" என்றார் மொய்து.

விலகி நின்று பெட்டியைக் காட்டினால் போதும். தப்பு தன்னுடையது அல்ல என்று மொய்து கண்ணாலேயே பார்ப்பார். கிடங்கு வேலை கைக்கு வரும்.

முத்துவேல் பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டான்.

"தூணுக்குள்ளே ஈரம் இறங்கிருச்சு மொய்துக்கா. வயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மாறி அடிக்குது. சரி பண்ணணும்னா தூணை உடைக்கணும்."

"ஈரம் எப்படி இறங்கும்? நீ பைப் போடலையா?"

பைப் போடாமல் சுவருக்குள் வயரைப் பதிப்பது எந்த எலக்ட்ரீசியனும் வெளியே சொல்லக்கூடிய காரியமல்ல.

"போடலை" என்றான் முத்துவேல், தானே பார்த்துப் பார்த்துப் பதித்த பைப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு.

"அடப்பாவி, வயரு ரெண்டும் இங்கனயேதான..." என்று எட்டிப் பார்த்த சுடலைமணியின் காலைப் பாக்கியலக்ஷ்மி ஓங்கி மிதித்தாள். அவள் சிவப்பு நூலைப் பார்த்துவிட்டாள்.

மொய்து தூணைப் பார்த்தார். பைப் பதித்த கையோடு போன மாதம்தான் அதில் இத்தாலியன் பளிங்கு ஒட்டியிருந்தார்.

"தூணைத் தொடாதே. அடிக்கிறபடி அடிக்கட்டும்" என்று ஸ்கூட்டரை உதைத்தார். "கோடவுனுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். வீட்டு பெல்லுக்கே இந்த லட்சணம்."

ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"உனக்கு மூளை இருக்காடே?" என்றான் சுடலைமணி, காலைத் தேய்த்துக்கொண்டே.

முத்துவேல் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தான். பிளாஸ்திரியின் மேலும் நூலின் மேலும், மழை பெய்தாலும் ஷாக் அடிக்காதபடி, நாலு சுற்றுச் சுற்றினான். வயர்களை இருந்த இடத்திலேயே விட்டுப் பெட்டியை மூடினான்.

பிறகு தூணைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

"இனிமே இதுல கை வைக்கிறவங்க மெயினை ஆஃப் பண்ணிட்டு வைக்கணும்."

"சரி, சேட்டா" என்றன மாடி வராந்தாவும் கீழ்வீட்டு ஜன்னலும், ஒரே நேரத்தில்.