கழித்து எழுதிய எடை

மூன்று வருடத்தில் அந்த ஆஸ்பத்திரியில் நான் பார்த்த ஆறாவது டாக்டர் அவர். விடியும்போதே மூட்டெல்லாம் வீங்கிவிடுகிறது, தலை வாரக்கூடக் கை எழவில்லை என்றேன். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"எல்லாம் நார்மல்மா. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"மனசா டாக்டர் வீங்குது? சலவை ஆலையில பதினெட்டு வருஷமா ஈரத்துணி தூக்குனவ நான். உக்காந்து செய்யிற வேலை குடுக்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதுங்க. இல்லாட்டி இந்த வாரத்தோட நின்னுக்கோன்னுட்டாரு சூப்பர்வைசர்."

"நோய்னு ஒண்ணு இருந்தாத்தானே எழுத முடியும்? எடையைப் பாருங்க."

மெஷினில் ஏறி நின்றேன். முள் தொண்ணூற்றாறில் நின்றது. நர்ஸ் அட்டையில் நாற்பத்தாறு என்று எழுதினாள்.

"ஏம்மா, அங்க வேற காட்டுதே?"

"உங்களுக்கு எப்பவும் அப்படித்தான்க்கா காட்டும். உங்களைப் பாத்தா அவ்வளவா இருக்கீங்க? அம்பதைக் கழிச்சுத்தான் எழுதுவேன்."

"மூணு வருஷமாவா? ஒரு டாக்டர்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா என்னையும் மனசு டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நர்ஸை ஏறச் சொன்னார். ஐம்பத்தெட்டு. சரியாக இருந்தது. மறுபடி நான் ஏறினேன். தொண்ணூற்றாறு. இறங்கினேன். முள் ஐம்பதுக்கு வந்து அங்கேயே நின்றது. தட்டில் ஒன்றுமில்லை.

டாக்டர் அதை நன்றாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, அட்டையில் 'நார்மல்' என்று எழுதி நீட்டினார்.

வாங்கிக்கொண்டு நடந்தேன். வாசலருகே முழங்கால் மடங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா," என்றாள் நர்ஸ் பின்னாலிருந்து, மெதுவாக. "முள்ளு இப்பத்தான் ஜீரோவுக்கு வந்துச்சு."