நூறு மீட்டர் தள்ளி

"தப்பான இடத்துல தேடினா கிடைக்கவே கிடைக்காதாம்மா?"

வாலு இதைக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. எட்டு மாதம் படுக்கையில் கிடந்தும் வாலு என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

"சரியாத் தேடறவங்களுக்குக் கிடைக்கும்" என்றாள் அம்மா, கொஞ்சம் எரிச்சலோடு.

பிள்ளை சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே என்றுதான் அம்மா ஒரு டப்பாவை ஒளித்து வைத்தாள். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் டப்பாவை ஒளித்துவிட்டு, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். முன்பின் தெரியாதவர்கள் அந்த எண்களைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு தேடி வருவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இணையத்தில் நாலு வரி எழுதுவார்கள். இடம் இன்னதென்று மட்டும் சொல்லக்கூடாது.

'எழுந்து நடக்க முடியாத ஒரு குழந்தை படிப்பதற்காக. வழியில் பார்த்ததை எழுதுங்கள்' என்று அவள் குறிப்புப் போட்டிருந்தாள்.

முதலில் வந்த மூன்று பேரும் 'கிடைக்கவில்லை' என்று எழுதினார்கள். அன்றைக்குத்தான் வாலுவின் கேள்வி.

நாலாவது ஆளிலிருந்து எல்லோருக்கும் கிடைத்தது. நாற்பத்தொரு பேர். ஒருவர் கிரேன் உச்சியில் கூடு கட்டிய காகத்தைப் பற்றி எழுதினார். ஒருவர் பேருந்தில் தூங்கி இரண்டு நிறுத்தம் தாண்டிப் போன கதையை எழுதினார். மழையில் வந்தவர்கள் எல்லோரும், யாரோ ஒரு மனிதர் பின்னால் வந்து நின்று குடை பிடித்ததாக எழுதினார்கள்.

வாலு அவருக்குக் 'குடை மாமா' என்று பெயர் வைத்தாள்.

"ஒரே ஆளாவாடி இருப்பாரு? ஊர்ல எத்தனையோ குடை" என்று அம்மா சிரித்தாள்.

இன்று காலை வாலு ஊன்றுகோல் இல்லாமல் வாசல் வரை நடந்தாள். பன்னிரண்டு அடி. நெற்றியெல்லாம் வியர்வை. நடந்தால் அந்த நோட்டையே கொண்டுவந்து கையெழுத்துகளைக் காட்டுகிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஒளித்து வைத்த நாளுக்குப் பிறகு இன்றுதான் அம்மா இங்கே வருகிறாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நூலகத்தின் பின்படிக்கு அடியில் கையை விட்டாள். டப்பா இருந்தது. திறந்தாள்.

நோட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஒரு கையெழுத்துகூட இல்லை. பென்சில் முனை சீவியபடியே இருந்தது.

அப்படியானால் நாற்பத்தொரு பேரும் பொய்யா? பரிதாபப்பட்டு, வராமலே வந்ததாக எழுதினார்களா? இதை எந்த வாயால் வாலுவிடம் சொல்வது?

கைப்பேசியை எடுத்தாள். நிற்கிற இடத்தின் எண்ணையும் தான் போட்டிருந்த எண்ணையும் ஒப்பிட்டாள். கடைசி மூன்று இலக்கம் இங்கே 417. அவள் போட்டிருந்தது 471.

மருந்துக்கடையில் பதினொரு வருட வேலை. ஒருநாளும் ஒரு எண்ணை அவள் மாற்றிப் படித்ததில்லை.

அம்புக்குறி காட்டிய வழியில் நடந்தாள். நூறு மீட்டர். முனை திரும்பியதும், சாவி செய்யும் கடையின் பக்கச்சுவரில் கொண்டுபோய் நிறுத்தியது. வெறும் கருங்கல் சுவர். குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மண்டியிட்டுக் கல் கல்லாகத் தடவினாள்.

பிடரியில் விழுந்துகொண்டிருந்த தூறல் சட்டென்று நின்றது.

"கீழேர்ந்து மூணாவது கல்லும்மா. நான் சொன்னேன்னு எழுதிடாதீங்க. நீங்களா கண்டுபிடிச்ச மாதிரியே இருக்கட்டும்."

அண்ணாந்து பார்த்தாள். சாவிக்கடைக்காரர். அவர் கையில் ஒரு பழைய குடை. ஒடிந்த கம்பியைச் சாவி வளையத்தால் கட்டியிருந்தார்.

கல் அசைந்து வந்தது. பின்னால் பாலிதீன் சுற்றிய பிஸ்கட் டின். அதற்குள் ஒரு நோட்டு.

நாற்பத்தொரு கையெழுத்து.

அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. மண்டியிட்டபடியே, தான் வைக்காத அந்த டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மொத மூணு பேரு என் சுவத்தைப் பூரா தடவிட்டு, மொகத்தைத் தொங்கப்போட்டுட்டுப் போனாங்க. யாரோ படுத்த படுக்கையா கெடக்கிற கொழந்தைக்காம். வச்ச மகராசி எண்ணைத் தப்பாப் போட்டுட்டாங்க போல. அதுக்குக் கொழந்தை ஏமாறணுமா?"

அந்த மகராசி குனிந்து நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

"நோட்டு ரொம்பிப்போச்சு. அதை அந்தக் கொழந்தைகிட்ட சேர்க்க வழி தெரிஞ்சா சேத்துடுங்கம்மா."

"சேத்துடறேன்" என்றாள். உள்ளே யாரோ சாவிக்காகக் குரல் கொடுத்தார்கள். அவர் குடையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். இயந்திரம் கிறீச்சிடத் தொடங்கியது.

அவள் நிறைந்த நோட்டை எடுத்துக்கொண்டு, கையோடு கொண்டுவந்த தன் வெள்ளை நோட்டை டின்னில் வைத்து, டின்னை உள்ளே தள்ளி, கல்லைப் பொருத்தினாள். இணையத்தில் எண்ணைத் திருத்தப் போன விரலை மடக்கிக்கொண்டாள். 471 அப்படியே இருக்கட்டும்.

விளையாட்டில் இன்னொரு விதி உண்டு. ஒன்றை எடுத்தால், அதற்குக் குறையாத ஒன்றை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

தெருவில் யாரும் இல்லை. கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு சாவியை அராவிக்கொண்டிருந்தார்.

அவள் தன் புதுக் குடையை அந்த ஆணியில் மாட்டினாள்.

தூறல் வலுத்தது. தலை நனைந்தது, தோள் நனைந்தது. மார்போடு அணைத்திருந்த நோட்டு மட்டும் நனையவில்லை.