தடை நீக்க விண்ணப்பம்

"கால்ல விழணும்னாலும் விழு. சாயங்காலத்துக்குள்ள நம்ம பேரை லிஸ்ட்லேர்ந்து எடுக்கச் சொல்லு!"

அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று முதலாளி கத்தினார். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கட்டில், நாற்காலி செய்து விற்கிற மனிதர்; அவர் செய்த குற்றம் மெயில் அனுப்பியதுதான்.

நேற்றிலிருந்து கம்பெனி மெயில் எதுவும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. குப்பை மெயில் அனுப்புகிறவர்கள் என்று ஒரு தடைப்பட்டியலில் கம்பெனியின் பெயர் ஏறியிருந்தது. யாரோ சில தன்னார்வலர்கள் நடத்தும் பட்டியல். அதைப் பார்த்துவிட்டு உலகமே கதவைச் சாத்திவிட்டது. புது ஆஸ்பத்திரிக்குக் கட்டில் செய்து தர விலை சொல்லும் மெயில் ஐந்து மணிக்குள் போயாக வேண்டும்.

"என் சொந்த மெயில்லேர்ந்து அனுப்பிடவா?" என்று கேட்டார் முதலாளி.

"கேட்டுட்டேன் சார். கம்பெனி மெயில்லேர்ந்து வந்தாத்தான் எடுத்துப்பாங்களாம்."

"சிஸ்டம் பார்க்கத்தானே உன்னை வச்சிருக்கேன்? இன்னிக்கு இது போகலைன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

அவள் கணவனுக்கு வேலை போனதிலிருந்து வீட்டில் இவள் சம்பளம் மட்டும்தான்.

தடை நீக்கக் கோரும் விண்ணப்பத்தைத் திறந்தாள். 'என்ன தவறு நடந்தது? எப்படிச் சரிசெய்தீர்கள்?' என்று கேட்டிருந்தது.

"வைரஸ் புகுந்துடுச்சு, சுத்தம் பண்ணிட்டோம்னு எழுது" என்றான் முதலாளியின் மச்சினன். ஊரில் உள்ளவர்களின் மெயில் முகவரிகளை மொத்தமாக விலைக்கு வாங்கி வந்து, தினமும் தள்ளுபடி விளம்பரம் அனுப்பிய புண்ணியவான் அவன்தான். 'தயவுசெய்து அனுப்பாதீர்கள்' என்று கெஞ்சியவர்களையும் அவன் விட்டுவைக்கவில்லை.

"அந்த முகவரியெல்லாம் அழிச்சிடலாம்னு எத்தனை தடவை சொன்னேன் சார்? பொய் எழுதினா அவங்க விட மாட்டாங்க."

"நீ என்ன அவங்க வீட்டுப் பொண்ணா? சொன்னதை எழுது!" என்று சீறினார் முதலாளி.

எழுதி அனுப்பினாள். செல்போனை எடுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது பதில் காத்திருந்தது. 'வைரஸ் எதுவும் இல்லை. விலைக்கு வாங்கிய முகவரிகள்தான் காரணம். அவற்றை அழித்துவிட்டு எழுதவும்.'

"பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி எழுதறானே, பாவி!" முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

மச்சினன் அசரவில்லை. "அழிச்சுட்டோம்னு எழுதிட்டா போச்சு மாமா. அவனுக்கு எப்படித் தெரியப்போகுது?"

முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சிடுமா?"

"தெரிஞ்சிடும் சார்."

சுவர்க் கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். "தள்ளுடா" என்று அவனை நகர்த்திவிட்டு, அவன் கம்ப்யூட்டரில் இருந்த முகவரிகளை எல்லாம் தன் கையாலேயே அழித்தார்.

"அவர் பென்டிரைவ்ல இருக்கிறதும் சார்" என்றாள் அவள்.

மச்சினன் அவளை முறைத்தான். முதலாளி கையை நீட்ட, சட்டைப் பையிலிருந்து பென்டிரைவ் வெளியே வந்தது.

இந்த முறை விண்ணப்பத்தில் உள்ளது உள்ளபடி எழுதினாள். அனுப்பிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனாள். முதலாளி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மச்சினன் விரலில் நெட்டி முறித்துக்கொண்டிருந்தான், அதற்கும் ஒரு திட்டு வாங்கினான்.

'தடை நீக்கப்பட்டது.'

அவள் ஓடி வந்து மெயிலை அனுப்பினாள். கிடைத்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வரும்வரை மூவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்ததும் முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்றார் மேலே பார்த்து. பிறகு அவளிடம், "நாளைக்கு வந்துடும்மா" என்றார்.

மாடிப்படியில் இறங்கும்போது கணவனின் போன் வந்தது.

"வேலை?"

"இருக்கு."

"எனக்கு உசுரே போயிடுச்சு. ராத்திரியில சும்மா செய்யற சேவைக்காக, சம்பளம் தர்ற வேலையைத் தொலைக்கப் பார்த்தியே!"

"வாயால சொன்னா கேக்கலையே, அதான் லிஸ்ட்ல போட்டேன், அழிச்சாங்க, எடுத்துட்டேன்."