சொன்ன பேச்சு கேட்காத ஏஜென்ட்

“மறுபடியும் அதே தப்பு, ப்ரியா. உன் மேனுவலைப் படிச்சிட்டுத்தான் இப்படிப் பண்ணியிருக்கு” என்று லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார் மேனேஜர் ஃபெலிக்ஸ்.

பத்மப்ரியா எட்டிப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். ஒரு ஆஸ்பத்திரியின் நோயாளி விவரங்களை மொத்தமாக எடுத்து வேறு இடத்துக்கு அனுப்புகிற எக்ஸ்போர்ட் டூல் ஒன்று. இதுவரை அதை மனிதர்கள் ஓட்டினார்கள். இனி ஒரு ஏஐ ஏஜென்ட் ஓட்டப் போகிறது. ஏஜென்ட் படித்துப் புரிந்துகொள்வதற்கான மேனுவலை எழுதுவது ப்ரியாவின் வேலை. மேனுவல் எழுதிய மற்றவர்களையெல்லாம் மாலை மரியாதை இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இவளை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். ஏஜென்ட்டுக்குப் புரியாவிட்டால் இவளும் பையைத் தூக்க வேண்டியதுதான்.

மற்றதையெல்லாம் அது ஒழுங்காகத்தான் செய்தது. பெயரைப் பிரித்துப் போடும் இடத்தில்தான் தகராறு. முன்னால் நிற்கும் எழுத்தைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடு என்பது விதி. இந்த ஊர்த் தெலுங்குக்காரர்களுக்கு அது பரம்பரையாக வரும் வீட்டுப் பெயர், பொருந்திவிடும். நம் தமிழ் ஆட்களுக்கு அது அப்பா பெயர் ஆயிற்றே என்று ப்ரியாவுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே விதி என்றார்கள், எழுதிவிட்டாள். ஏஜென்ட்டோ கே. வெங்கட்ரமணன், எம். ராஜகோபால் என்று யாராவது வந்தால் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

“நம்ம ஊர்ப் பேருன்னா மிஷினுக்குக்கூட இளக்காரம்” என்றார் ஃபெலிக்ஸ்.

“எல்லா விதமாவும் எழுதிப் பார்த்துட்டேன் சார். அதட்டி எழுதினேன். கெஞ்சியும் எழுதினேன்.”

“மேலே கேக்கிறாங்கம்மா. தப்பு மேனுவல்லயா, ஏஜென்ட்லயான்னு. இன்னைக்கே சொல்லணும். நான் என்ன சொல்லட்டும்?”

வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கிறதா இல்லையா என்பதே அவளுக்கு நிச்சயமில்லை.

புருஷன் ஷ்யாமுக்குப் போன வருஷம் வேலை போனது. இப்போது அமீர்பேட்டில் ஏதோ ஆபீஸ் என்று காலையில் கிளம்பிப் போகிறான். என்ன ஆபீஸ் என்றால் வாய் திறப்பதில்லை. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறானாம். ஆபீஸாவது ஒன்றாவது, மெட்ரோவில் ஏறி இறங்கிவிட்டு வருகிறான் என்பது எதிர் ஃப்ளாட் ராஜியின் கட்சி. லோத்குண்டாவில் அவர்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்ட்டில் பாதிப் பேர் ராஜி கட்சிதான். ப்ரியாவும் ஆபீஸ் விவரம் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள். ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் சாம்பாரைத் தவிரப் பேச என்ன இருக்கும்?

நேற்று மட்டும் அவளுக்குப் பொறுக்கவில்லை. “சொன்ன பேச்சு கேக்காத ஜென்மத்தோட மல்லுக்கட்டறேன் ஷ்யாம்” என்றாள்.

“எங்க ஆபீஸ்லயும் அதே கதைதான்” என்று அவன் தட்டைப் பார்த்துச் சொன்னான். ஆபீஸ் இருக்கிற மாதிரியே பேசுகிறானே என்று அவளுக்கு அழுகை வந்தது.

இப்போது ப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சார், அந்த விதி என்னன்னு ஏஜென்ட்டையே கேட்டுப் பார்க்கலாமா?”

கேட்டார்கள். பதில் வர அரை மணி ஆனது. எப்போதும் அப்படித்தான், சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது, அங்கிருந்து வர வேண்டாமா என்பார் ஃபெலிக்ஸ். வந்த பதிலில் விதி ஒரு சொல் பிசகாமல் இருந்தது.

“பாத்தீங்களா, நல்லாப் புரிஞ்சிருக்கு. புரிஞ்சும் செய்ய மாட்டேங்குது. மேனுவல்ல தப்பில்ல சார். இதைத் தூக்கிட்டு வேற ஏஜென்ட் போடுங்க.”

ஃபெலிக்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அங்கேயே போனை எடுத்து, ஏஜென்ட்டை விற்ற கம்பெனியிடம் ஒப்பந்தம் ரத்து என்று சொல்லிவிட்டு வைத்தார்.

“அந்தக் கம்பெனிக்காரங்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே. சரி, நீ பொழைச்சே.”

பிழைத்ததற்கான சந்தோஷம் வரவில்லை. அடுத்த ஏஜென்ட் வரும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனாலும் வேலை இருக்கிறது. அந்த நினைப்போடு வீட்டுக்கு வந்தால், கதவு திறந்து கிடந்தது. ஷ்யாம் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“என்ன இவ்வளவு சீக்கிரம்?”

“வேலை போச்சு ப்ரியா. எங்க ரூம்ல இருந்த எல்லாருக்கும். என்னாலதான்.”

அப்போ நிஜமாகவே வேலை இருந்திருக்கிறது. ராஜி கட்சியில் மனசுக்குள் தானும் சேர்ந்திருந்ததை நினைத்து அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பவாவது சொல்லு. அப்படி என்ன வேலைடா அது?”

“சொன்னா சிரிப்பே. மிஷின் மாதிரி நடிக்கிற வேலை. ஏஐ ஏஜென்ட்னு சொல்லி வித்துட்டாங்க, உள்ளே உக்காந்து மேனுவலைப் படிச்சுப் படிச்சு செஞ்சதெல்லாம் நாங்கதான். வெங்கட்ரமணனுக்கு முன்னாடி இருக்கிற ‘கே’யைக் குடும்பப் பேர்னு போடச் சொல்லியிருந்துது. அது அவங்கப்பா பேரு, எனக்குக் கை வரல. அந்த மேனுவலை எழுதின ஆளுக்கு இதுகூடவா தெரியாது?”