கொம்புக்கண் நண்டு

நாகலெட்சுமியின் தகரப் பெட்டியைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் கவிழ்த்துக் கொட்டிய கையோடு, இன்ஸ்பெக்டர் ஒரு காய்ந்த நண்டைத் தூக்கி ஆண்டியப்பன் முன்னால் வைத்தார். போன மாதம்தான் கடலோர மன்னாரிலிருந்து மாற்றலாகி வந்த சிங்களவர். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"இது என்ன நண்டு?"

நாகலெட்சுமி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நண்டை எட்டிப் பார்த்தாள். பெட்டியை அடுக்கியவளே அவள்தான். இப்படியொரு சனியனை அதில் கண்டதே இல்லை. ஆனால் போலீஸ்காரர் கையில் இருப்பதை இல்லையென்று சொல்லிவிட முடியுமா?

அவள் புருஷன் ஆண்டியப்பன் இந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் வந்தவன் என்று யாரோ மொட்டைப் பெட்டிசம் போட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, முத்துலிங்கம் கங்காணிதான். கொழுந்து நிறுவையில் அவர் அடிக்கும் கொள்ளையை ஆண்டியப்பன் தோட்டத் துரையிடம் போட்டுடைத்ததிலிருந்து மனிதர் கறுவிக்கொண்டே திரிந்தார். பெட்டிசம் எடுபட்டால் இன்றைக்கே ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்தான். கைப்பிள்ளையோடு அவள் எங்கே போவாள்?

ஆண்டியப்பன் நண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஓடை நண்டுதாங்க ஐயா. வெயில்ல கெடந்து வெளுத்திருக்கு."

கங்காணிக்குப் பொறுக்கவில்லை. பூண்டுலோயாவில் பிறந்தவன், மலையை விட்டு, அட்டனைத் தாண்டிக் கீழே கால் வைத்ததில்லை என்று வாய்க்கு வாய் பீற்றி, பிரஜாவுரிமையும் வாங்கிவிட்ட மனிதர். வேடிக்கை பார்த்த கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே வந்தார்.

"பொய் சொல்றான்ங்க. ஓடை நண்டு கருகருன்னு தடியா இருக்கும். இது கடக்கரை மணல்ல வளை தோண்டுற நண்டு. கண்ணு மேல கொம்பு பாருங்க, ஒரு கொடுக்கு பெருசு. நெலா வெளிச்சத்துல மணலோட மணலா நிக்கும். நாம காலை வச்சதும் பறந்து போயி வளைக்குள்ள பூந்துக்கும். தோணியில வந்தவன்தான் கொண்டாந்திருக்கணும்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு நண்டை எடுத்து, கால் ஒடியாமல் தன் சட்டைப் பையில் வைத்துக் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தான்.

எல்லாம் முடிந்தது என்று நாகலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை வீரிட்டது. விலங்கு பூட்டும் சத்தமும், அதன்பின் இன்ஸ்பெக்டரின் நிதானமான குரலும் கேட்டன.

"நண்டு என்னோடது, கங்காணி. நீ எந்தக் கரையில எறங்குன?"