பையில் மிச்சமிருந்த தாள்

"தச்சரே, இன்னிக்கு நீங்க படிச்சே ஆகணும்!"

டீச்சர் துணிப்பையை நீட்டினாள். கடைசி வரிசைத் தச்சர் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கவிதை வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோருமே உயிருக்குயிரான யாரையோ பறிகொடுத்தவர்கள். பெயரை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே தொழில்தான் பெயர். நடந்ததை ஒரு மரமோ குளமோ சொல்வதுபோல் எழுதிப் பையில் போட வேண்டும். பிறகு ஆளுக்கொரு தாளை எடுத்து, அடுத்தவர் எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும். தச்சர் ஆறு வாரமாக வந்து உட்காருவதோடு சரி.

"விடுங்க டீச்சர், பாவம்," என்றாள் நர்ஸ்.

"பாவம் பார்த்தா இன்னும் மூணு வருஷமானாலும் வாய் திறக்க மாட்டாரு."

"வாயில ஆணி வச்சிருக்காரோ என்னமோ!" என்று வாரினார் தையல்காரர்.

டீச்சர் சிரிக்கவில்லை. நான்கு கவிதைப் புத்தகம் போட்டவள், எத்தனையோ பேரை எழுதவைத்தே தேற்றியவள். இவர் ஒருவரிடம் மட்டும் தோற்பதா? இன்றைக்கு விடுவதாக இல்லை. நீட்டிய பையை அவள் பின்னுக்கு இழுக்கவில்லை.

மிச்சமிருந்த ஒரே தாளைத் தச்சர் எடுத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார்.

"'நான் ஓர் உளுத்த கிளை. வெட்டிவிடலாம் என்றார் அப்பா. குருவிக்கூடு இருக்கிறது, குஞ்சுகள் பறக்கட்டும் என்று தடுத்தாள் அம்மா. கூட்டைப் பார்க்கத்தான் பையன் ஏறினான்...'"

தாளைத் தாழ்த்தினார்.

"நிறுத்தாதீங்க. படிங்க," என்றாள் டீச்சர்.

"'நான் முறிந்தேன். அன்றிலிருந்து அப்பா பேசுவதில்லை. ஒரு திட்டாவது திட்டமாட்டாரா என்று காத்திருக்கிறாள் அம்மா.'"

தச்சர் எழுந்து நின்றார்.

"இந்தக் கிளைக்குப் பாதிதான் தெரியும். குஞ்சுங்க பறந்து நாலு நாள் ஆயிருந்துச்சு. அப்பன்காரன் அதைப் பார்த்தான். ரம்பத்தைத் தீட்டணும், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போட்டான். அவ மூஞ்சியில முழிக்க முடியாமத்தான் வாயை மூடிக்கிட்டான். தப்பு அவ மேல இல்ல."

நர்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. "யாரோ எழுதினதுங்க அது! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தச்சர் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் எழுதினது," என்றாள் டீச்சர், கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல். "அவர் என் வீட்டுக்காரர்."