பதினோரு மணிக் கோடு

“கதவத் தொறந்தது எவன்டா?”

பக்தவத்சலம் போட்ட சத்தத்தில் திவ்யாவும் வேம்புலியும் கதவைப் பார்த்தார்கள். அது பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் கம்ப்யூட்டரில் காலையிலிருந்து நேராக ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு, சொல்லிவைத்தாற்போல் பதினோரு மணிக்கு மேலே ஏறிவிட்டிருந்தது.

திருமழிசை தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கம்பெனி, விண்வெளிக்குப் போகப்போகிற தொலைநோக்கி ஒன்றின் கண்ணாடிகளைத் தாங்கும் குழாயைச் செய்துகொண்டிருந்தது. எங்கோ தூரத்து நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைப் பார்க்கவேண்டிய தொலைநோக்கி. கண் கூசும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் கிரகம் வெறும் தூசு. சூட்டில் குழாய் துளி நீண்டு கண்ணாடி துளி நகர்ந்தாலும் தூசு காணாமல் போய்விடும். அதனால் காற்றை உறிஞ்சியெடுத்த இரும்பு சேம்பருக்குள் குழாயை வைத்து, நீளுகிறதா என்று லேசரால் அளந்துகொண்டே இருந்தார்கள். அந்த அளவுதான் பச்சைக் கோடு.

குழாயை வடிவமைத்தவள் திவ்யா. சேம்பரைப் பார்த்துக்கொள்பவர் வேம்புலி. இந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொள்பவர் ப்ராஜெக்ட் ஹெட் பக்தவத்சலம். முப்பது வருட அனுபவசாலி. அதில் இருபத்தொன்பது வருடம் பஸ்ஸுக்கு பாடி கட்டியது.

கோடு பத்து நாளாக இப்படித்தான் ஏறுகிறது. வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கப்போகிறார்கள். பக்தவத்சலம் சும்மா இருப்பாரா? பக்கத்து ஷெட் யூசுப் பாயிடம் போய் தரை அதிராதபடி லேத்தை நிறுத்தச் சொன்னார். பாவம், அவரும் நிறுத்தினார். கோடு ஏறியது. பிறகு ஆபீசில் டீயை நிறுத்தினார், ஃபேனை நிறுத்தினார், சத்தம் போட்டுச் சிரிப்பதையும் நிறுத்தினார். கோடு மட்டும் நிற்கவில்லை.

“உன் டிசைனே தப்பும்மா. இரும்புல பண்ணியிருந்தா அசையுமா? நாங்க கட்டுன பஸ்ஸு இருபது வருசம் ஓடிச்சு.”

“இரும்பு சூட்டுல நீளும் சார்.”

“உன் வாய் அதவிட நீளுது.”

பக்தவத்சலம் தினமும் டிபனை முடித்துக்கொண்டு பத்தரைக்கு வருவார். சேம்பரின் கண்ணாடி ஜன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டு, உள்ளே இருக்கும் குழாயை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு உட்காருவார். சொல்பேச்சுக் கேட்காத தொழிலாளிகளை அவர் அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

புதன்கிழமை மட்டும் கோடு ஏறவில்லை. அன்று அவர் பூந்தமல்லியில் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இருந்தார். திவ்யா போனில் சொன்னதும் பூரித்துப்போனார்.

“நான் அங்க இல்லாட்டியும் என் பயம் நிக்குது பாரு!” வாயில் இருந்த கேசரி இறங்குவதற்குள் அவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. “இன்னிக்கி வேம்புலி வந்தானா?”

“லீவு சார்.”

“புடிச்சிட்டேன்!”

வியாழக்கிழமை டிபனுக்குக்கூட நிற்காமல் வந்துவிட்டார். காலை பத்து மணிக்குத் தீர்ப்பு.

“மனுச ஒடம்புன்னா இன்னான்னு தெரியுமாய்யா? நூறு வாட் பல்பு! நீ தெனம் பதினோரு மணிக்கு உள்ள வந்து மீட்டரப் பாத்து எழுதுற. உன் சூடு சேம்பருக்கு ஏறுது.”

“ரெண்டு நிமிசம்தான சார் நிக்கிறேன்.”

“ரெண்டு நிமிசத்துலயே இந்த ஆட்டம்!”

ஒன்பது வருடம் கான்ட்ராக்டில் கிடந்து, போன மாதம்தான் பர்மனென்ட் ஆனவர் வேம்புலி. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“சார், ஒரே ஒரு நாள் பாத்துட்டு...” என்று திவ்யா இழுத்தாள்.

“நீயும் அவன்கூடப் போறியா?”

வேம்புலி கேட்டைத் தாண்டுகிறவரை திவ்யாவால் தலைநிமிர முடியவில்லை.

பத்தரைக்கு பக்தவத்சலம் ஜன்னலோரம் தன் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். பதினோரு மணி ஆனது.

“சார்... ஏறுது.”

“அவன உள்ள விட்டது எவன்?” எழுந்தவர் நேரே கேட்டுக்கு ஓடினார்.

எதிரே கன்னியம்மா டீக்கடை பெஞ்சில் வேம்புலி உட்கார்ந்திருந்தார்.

“எப்படி உள்ள பூந்த? உண்மையச் சொல்லு!”

“இன்னா சார் நீ, பத்து மணிக்கு நீதான வெளிய தள்ளுன? அப்பலேந்து இங்கதான் கீறேன்.”

“ஆமா சார்,” என்றாள் கன்னியம்மா. “வாங்குன டீயக்கூடக் குடிக்காம குந்திகினு கீறாரு பாவம்.”

பக்தவத்சலம் விடுவதாக இல்லை. சுவரேறிக் குதித்தாயா, மச்சான் எவனையாவது அனுப்பினாயா என்று கால்மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். அதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. திவ்யா.

“சார், கோடு கீழ எறங்கிடுச்சு. நேரா போவுது.”

“பாத்தியா! இங்க ஒரு மெரட்டு மெரட்னேன், அங்க அடங்கிடுச்சு. இரு, இதோ வரேன்.”

“ஐயோ, வேணாம் சார்! நீங்க அங்கயே நில்லுங்க, வேம்புலியண்ணன உள்ள அனுப்புங்க.”